நூக் நகராட்சியும் பனிக்கு அந்தப் பக்கத்து ஊர்களும்

நகராட்சி என்றால் குடிநீர், குப்பை, பள்ளிக்கூடம், தெருவிளக்கு. ஏதாவது பிரச்சினை என்றால் நேரில் போய் ஒரு மனு கொடுத்துவிட்டு வரக்கூடிய தூரத்தில் ஓர் அலுவலகம். கிரீன்லாந்தின் தலைநகர் நூக் ஒரு நகராட்சிக்குள்தான் இருக்கிறது, பெயர் செர்மெர்சூக். பரப்பளவு ஏறக்குறைய 5,32,000 சதுர கிலோமீட்டர், அதாவது ஸ்பெயின் நாட்டைவிடப் பெரிது. மக்கள்தொகை சுமார் 24,000. அதிலும் 20,000 பேர் வரை நூக்கிலேயே குடியிருக்கிறார்கள்.

கிரீன்லாந்தை யார் வாங்குவது, யாருக்கு அங்கே கனிமம் என்று செய்திகளில் பேசிப் பேசி ஓய்ந்துவிட்டார்கள். அங்கே ஒரு சாதாரண ஊர் நிர்வாகம் எப்படி நடக்கிறது என்பது அதைவிட எனக்கு முக்கியமாகப் படுகிறது, அதனால்தான் இந்தப் பதிவு.

2009 ஜனவரி 1 அன்று நாட்டில் இருந்த 18 நகராட்சிகளை நான்காகச் சுருக்கினார்கள். நூக், பாமியுத், இவித்தூத், தாசிலாக் ஊரை மையமாகக் கொண்ட அம்மசாலிக், இட்டொக்கோர்த்தூர்மியித் ஆகிய ஐந்தும் சேர்ந்து செர்மெர்சூக் ஆயின. முதல் மூன்றும் தென்மேற்குக் கரையில், கடைசி இரண்டும் கிழக்குக் கரையில். நடுவே இருப்பது கிரீன்லாந்தின் பெரும் பனிப்பரப்பு, சில இடங்களில் மூன்று கிலோமீட்டர் தடிமன். சாலை கிடையாது, ரயிலும் கிடையாது. சொல்லப்போனால் பக்கத்துப் பக்கத்து ஊர்களுக்கு நடுவேகூடச் சாலை இல்லை, படகு அல்லது விமானம் அல்லது ஹெலிகாப்டர், குளிர்காலத்தில் சில இடங்களில் நாய் வண்டி. இவித்தூத்திலிருந்து பக்கத்துக் கடற்படைத் தளத்துக்கு மட்டும் சில கிலோமீட்டர் சாலை போட்டிருந்தார்கள். அலுமினியம் உருக்கத் தேவையான கிரையோலைட் என்ற கனிமம் இவித்தூத்தில் கிடைத்தது, இரண்டாம் உலகப் போரில் விமானத் தயாரிப்புக்கு அது அவ்வளவு அவசியமாக இருந்ததால் அமெரிக்கப் படைகளே காவல் நின்றன. 1987-ல் சுரங்கத்தை மூடினார்கள், ஊரும் காலியாகிவிட்டது.

இட்டொக்கோர்த்தூர்மியித்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கிழக்குக் கிரீன்லாந்து யாருக்கு என்று டென்மார்க்கும் நார்வேயும் மோதிக்கொண்டிருந்த காலத்தில், 1925-ல், தாசிலாக் பக்கத்திலிருந்து சுமார் 80 பேரைக் கப்பலில் கொண்டுபோய் அங்கே குடியேற்றினார்கள். இன்று 350 பேர் இருந்தால் அதிகம். வருடத்தில் ஏறத்தாழ ஒன்பது மாதம் கடல் உறைந்து கிடக்கும். கோடையில் வழி திறந்ததும் சரக்குக் கப்பல் வரும், வருடத்துக்கு இரண்டு தடவை வந்தால் உண்டு. அடுத்த வருடம்வரை கடையில் என்ன இருக்கும், என்ன இருக்காது என்பதை அந்தக் கப்பல்தான் முடிவு செய்கிறது. இறைச்சிக்கு சீல், கஸ்தூரி எருது, அனுமதிக்கப்பட்ட அளவில் பனிக்கரடி என்று வேட்டையை நம்பியிருக்கிறார்கள். ஊரில் ஓடுபாதை இல்லை. நெர்லெரித் இனாத் என்ற சிறு விமான நிலையத்தில் இறங்கி அங்கிருந்து ஹெலிகாப்டரில் போக வேண்டும், அந்த விமானமும் ஐஸ்லாந்திலிருந்து வருகிறது. தாசிலாக்கும் கிட்டத்தட்ட அப்படித்தான். குலுசுக் தீவில் இறங்கி அப்புறம் ஹெலிகாப்டரோ படகோ. இட்டொக்கோர்த்தூர்மியித்காரர்களுக்குத் தங்கள் நகராட்சித் தலைமையகமான நூக்கைவிட வேறொரு நாட்டின், ஐஸ்லாந்தின், தலைநகர் கிட்டத்தில் இருக்கிறது.

இணைப்பை முழுக்கத் தப்பு என்று சொல்ல மாட்டேன். சில நூறு பேர் மட்டும் இருக்கும் ஊருக்கு பொறியாளர், கணக்காளர், சமூகப் பணியாளர் என்று தனித்தனியாக ஆள் பிடிப்பது லேசான காரியமில்லை, பணமும் இல்லை. பெரிய நகராட்சியாக இருந்தால் நூக்கின் வரி வருமானத்தில் பங்கு கிடைக்கும். ஆனால் வாக்காளர்களில் பெரும்பங்கு நூக்கில் இருக்கும்போது, புதுக் குடியிருப்பு, புதுப் பள்ளி என்று நூக்கின் தேவைதான் எப்போதும் முன்னால் வந்து நிற்கும். 2024 நவம்பரில் நூக்கில் 2,200 மீட்டர் ஓடுபாதை திறந்து, கோபன்ஹேகனிலிருந்து பெரிய விமானங்கள் நேராக வந்து இறங்குகின்றன. நல்ல விஷயம், நூக்குக்கு அது தேவைதான். தாசிலாக்கில் பிரசவமோ பெரிய அறுவை சிகிச்சையோ சிக்கலானால் இன்னமும் வானிலை ஒத்துழைத்துப் பனிப்பரப்பைத் தாண்டி நூக் மருத்துவமனைக்குப் போய்ச் சேர வேண்டும்.

மொழியிலும் இதே இடைவெளி இருக்கிறது. கிழக்கில் வீட்டில் பேசுவது துனுமீத் மொழி. பள்ளியிலும் அலுவலகத்திலும் மேற்குக் கிரீன்லாந்து மொழியும் டேனிஷும். ஒரே நாட்டு மொழி என்று வெளியாட்கள் நினைப்பார்கள், ஆனால் மேற்கிலிருந்து வருபவருக்குக் கிழக்குப் பேச்சு சட்டென்று பிடிபடாது. வீட்டு மொழியில் ஒரு பாடப்புத்தகம்கூடக் கைக்குச் சரியாக வராமல் வளரும் பிள்ளைகளை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது.

வடக்கில் இதே மாதிரி உருவாக்கிய காசுய்த்சுப் நகராட்சி அளவுக்கு மீறிப் பெரிதாக இருக்கிறது என்று 2018-ல் இரண்டாகப் பிரித்துவிட்டார்கள். கிழக்குக் கரைக்கும் அதைச் செய்ய வேண்டும் என்பது என் கருத்து. செலவு கூடும், தெரியும். நாட்டு அரசு மானியத்தைக் கூட்டித்தான் தர வேண்டியிருக்கும், தரட்டும். அதற்கு நாளாகும் என்றால், கிழக்குக்கான பள்ளி, மருத்துவப் போக்குவரத்து, வீட்டுவசதி மூன்றுக்கும் தனி நிதி ஒதுக்கி, அதைச் செலவு செய்யும் முடிவைத் தாசிலாக்கில் உட்கார்ந்து எடுக்கும் ஒரு குழுவிடம் கொடுக்கலாம்.