முழங்கால் தேய்மானமும் ஸ்டெம் செல் ஊசியும்

அறுவை சிகிச்சையின்றி ஸ்டெம் செல் ஊசியால் மூட்டுவலியைத் தீர்ப்பதாகக் கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒட்டப்பட்டுள்ள சுவரொட்டிகளைப் பார்த்துவிட்டுப் பலரும் கேட்பதால் எழுதுகிறேன்.

பெங்களூரைச் சேர்ந்த ஸ்டெம்பியூட்டிக்ஸ் நிறுவனம், கொடையாளர்களின் எலும்பு மஜ்ஜையிலிருந்து பிரித்து வளர்த்த ஸ்டெம் செல்களை (வேறு வகைச் செல்களாக மாறவல்ல மூலச் செல்கள்) கொண்டு உருவாக்கிய மருந்துக்கு 2022ஆம் ஆண்டில் இந்தியாவில் அனுமதி கிடைத்தது. இரண்டரைக் கோடி செல்களை மூட்டுக்குள் செலுத்தி, தொடர்ந்து மூட்டுக்கு வழுவழுப்புத் தரும் ஹையலூரானிக் அமிலத்தையும் ஏற்றுகிறார்கள். மூன்றாம் கட்டப் பரிசோதனையில் பங்கேற்ற 146 பேரும் தேய்மானத்தின் 2, 3ஆம் நிலைகளில் இருந்தவர்கள் என்பதால், எலும்போடு எலும்பு உரசும் 4ஆம் நிலையினருக்கும் அதே பலன் கிட்டும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. திருவந்திபுரம் ஔஷதகிரிப் படிகளில் ஒவ்வொன்றிலும் இரு கால்களையும் சேர்த்து வைத்து ஏறும் என் பெரியம்மா அந்த 4ஆம் நிலைதான். எக்ஸ்ரேயில் மூட்டு இடைவெளியே தெரியவில்லை. (பேர் மருந்து மலை, ஏறினால்தான் வலி என்று அவரே சிரிப்பார்.)

செலுத்தப்படும் செல்கள் அப்படியே புதுக் குருத்தெலும்பாக மாறிவிடுவதில்லை. அவை சுரக்கும் பொருள்கள் மூட்டின் அழற்சியைத் தணிப்பதாலேயே வலி குறைகிறது என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள்.

எனக்குக் கோபம் வருவது வேறொன்றில். நம் ரத்தத்தையே எடுத்துச் சுழற்றி, தட்டணுக்கள் செறிந்த பகுதியைப் பிரித்துப் போடும் பிஆர்பி ஊசியை ஸ்டெம் செல் என்று சொல்லி விற்பவர்கள் உண்டு. பணம் கட்டுமுன் மருந்தின் பெயரையும், அனுமதி விவரத்தையும், உங்கள் தேய்மானம் எந்த நிலையில் உள்ளது என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.