ஃபில் யங்ஹஸ்பண்டும் அந்த பெனால்டியும்

கால்பந்து கம்ப்யூட்டர் கேமில் பேரைப் பார்த்த ஒரு ரசிகர் தகவல் சொல்லித்தான் யங்ஹஸ்பண்ட் அண்ணன் தம்பி இருவரையும் பிலிப்பைன்ஸ் தன் கால்பந்து அணிக்குத் தேடிப் பிடித்ததாம். அம்மா பிலிப்பினோ; பையன்கள் இங்கிலாந்தின் செல்சி கிளப் அகாடமியில் வளர்ந்தவர்கள். நம்பவே முடியவில்லை, இல்லையா?

2010 தென்கிழக்கு ஆசியக் கோப்பையில், ஹனோயிலேயே, நடப்பு சாம்பியன் வியட்நாமை 2-0 என்று சாய்த்தார்கள். இரண்டாவது கோல் தம்பி ஃபிலுடையது. கூடைப்பந்தே கதியென்று கிடந்த நாடு அன்றுதான் கால்பந்தைத் திரும்பிப் பார்த்தது.

எனக்குப் பிடித்தது 2018 மார்ச், மணிலா ரிசால் மைதானம். தஜிகிஸ்தான் முதலில் கோல் போட்டுவிட்டது. பிறகு 1-1. கடைசி நேரத்தில் பெனால்டி. மொபைலைக் கவிழ்த்து வைத்துவிட்டேன், பார்க்கத் தைரியமில்லை. சத்தத்தை வைத்துத்தான் தெரிந்தது. ஃபிலின் 50-ஆவது சர்வதேச கோல். பிலிப்பைன்ஸ் முதல் முறையாக ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றது.

2019-இல் 52 கோல்களோடு விடைபெற்றார். வயது வெறும் 32. இன்னும் இரண்டு வருஷம் ஆடியிருக்கலாம் மனுஷன்.