பாரை விட்டுப் போனவன் திரும்பி வந்தால்

பார் தகராறு என்று கட்சிக்காரர் யாராவது என் வக்கீல் ஆபீசுக்கு வந்தால், சண்டை எதற்கு வந்தது என்று நான் கேட்பதில்லை. சைடு டிஷ் தட்டில் கை வைத்தான், முறைத்துப் பார்த்தான், சேரை இழுத்தான் என்று ஏதாவது ஒன்று இருக்கும். அதைச் சொல்வதற்கு அவர்களுக்கே கூச்சம். நான் கேட்பது ஏ.ஆர். காப்பி.

காயம்பட்டவரை அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் டியூட்டி டாக்டர் விபத்துப் பதிவேட்டில் எழுதுகிற நாலு வரிதான் அது. எத்தனை பேர் அடித்தார்கள், தெரிந்தவர்களா தெரியாதவர்களா, எதை வைத்து அடித்தார்கள், வாயில் மது வாடை அடிக்கிறதா. பெரும்பாலும், சொந்தக்காரர்கள் கூடி யோசனை சொல்வதற்கு முன்பே எழுதப்பட்டுவிடும். அதில் ‘தெரிந்த இருவர் பீர் பாட்டிலால்’ என்று இருந்து, மறுநாள் எஃப்.ஐ.ஆரில் ஆறு பேர் முளைத்திருந்தால், மீதி நாலு பேருக்கான வாதம் அங்கேயே கிடைத்துவிட்டது. ஏன் ஆறு? ஐந்து பேர் சேர்ந்தால்தான் சட்டவிரோதக் கூட்டம் என்ற பிரிவு வரும். அது வந்துவிட்டால் ஒருவன் அடித்ததற்கு எல்லோரும் பதில் சொல்ல வேண்டியதுதான். புகார் எழுதிக் கொடுப்பவர்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகவே தெரியும்.

2024 ஜூலை 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக பி.என்.எஸ். (பாரதிய நியாய சன்ஹிதா) வந்து பிரிவு எண்கள் மாறிவிட்டன. கொலைக்கான பழைய 302 இப்போது 103, கொலை முயற்சிக்கான 307 இப்போது 109. கட்சிக்காரர்கள் இன்னும் “முந்நூத்தியேழு போட்டுட்டாங்களா சார்?” என்றுதான் கேட்கிறார்கள். வெறும் கையால் அடித்து லேசான காயம் என்றால் ஓராண்டு வரைதான் தண்டனை, ஜாமீனும் உடனே கிடைக்கும். அதே அடியில் ஒரு பல் உடைந்தால் அது கொடுங்காயம், ஏழு ஆண்டு வரை போகலாம். பல்லை உடைத்தது பாட்டில் என்றால் ஆயுள் வரைக்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது. காலி குவார்ட்டர் பாட்டில் கைக்கு எட்டும் தூரத்தில்தானே கிடக்கிறது.

வாயில் வருவதும் வழக்காகும். பட்டியல் சாதியைச் சேர்ந்தவரை மற்ற சாதிக்காரர் நாலு பேர் முன்னால் சாதிப் பெயர் சொல்லித் திட்டினால் வன்கொடுமைச் சட்டம் பாயும். அதில் முன்ஜாமீனுக்குத் தடை இருக்கிறது. பாட்டிலைத் தொடாதவர்கூட அதில் உள்ளே போவார். போகட்டும் என்றுதான் எனக்குத் தோன்றும், அந்த வழக்கில் நான் அவர் தரப்பு வக்கீலாகவே இருந்தாலும்.

“போதையில செஞ்சதுன்னு சொன்னா குறையும்ல சார்?” இதைக் கேட்காத அப்பா அம்மாவை நான் பார்த்ததில்லை. அவர்களிடம் 1956-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன பாஸ்தேவ் வழக்கைச் சொல்வேன். கல்யாண வீட்டில் நன்றாகக் குடித்திருந்த ஓய்வுபெற்ற ராணுவ ஜமேதார். தனக்கு உட்கார வசதியாக ஒரு பையனை நகரச் சொன்னார். நகரவில்லை, பிஸ்டலால் வயிற்றில் சுட்டுவிட்டார். போதை இருந்தது உண்மைதான் என்று கோர்ட் ஏற்றுக்கொண்டது. ஆனால் தனக்கு வேண்டிய இடத்தைத் தேர்ந்தெடுக்கத் தெரிந்தவர், சுட்ட பிறகு தப்பிக்கப் பார்த்தவர், பிடித்ததும் மன்னிப்புக் கேட்டவர் மனம் மழுங்கிப்போனவர் இல்லை என்றது. ஆயுள் தண்டனை அப்படியே நின்றது. அவராகவே ஊற்றிக்கொண்ட போதைக்குச் சட்டத்தில் பெரிய தள்ளுபடி கிடையாது.

ஆஸ்பத்திரியில் இருப்பவர் இறந்துவிட்டால் கதை வேறு. ஒரே குத்து, பின்னால் சாய்ந்தார், சிமெண்ட் படி விளிம்பில் தலை பட்டது. சில நாள் கழித்து ஸ்டேஷனில் இருந்து “செக்‌ஷன் மாத்தியாச்சு” என்று தகவல் வரும். அப்போதும் அது கொலைதான் என்று அரசுத் தரப்பு நிரூபிப்பது சுலபம் இல்லை. கொல்லும் எண்ணம் எங்கே என்று கேட்கலாம். திடீர்ச் சண்டை, முன் திட்டம் இல்லை, ஆத்திரத்தில் நடந்தது, கொடூரமாக நடந்துகொள்ளவில்லை என்று காட்ட முடிந்தால் கொலை என்ற பிரிவு கொலையாகாத மரணம் என்று இறங்கும். ஆயுளுக்கும் சில வருடத்துக்கும் உள்ள வித்தியாசம் அது.

இந்தத் திடீர்ச் சண்டை விதிவிலக்கைத்தான் எங்கள் பக்கத்து ஆட்கள் கையாலேயே கெடுத்துக்கொள்கிறார்கள். பாரில் அடி வாங்கியவன் வீட்டுக்குப் போகிறான். அருவாளை எடுத்துக்கொண்டு திரும்பி வருகிறான். இடையில் அரை மணி நேரம்கூட இருக்காது. ஆனால் அந்த இடைவெளி வந்ததும் ‘திடீர்’ என்ற வார்த்தையை நான் கோர்ட்டில் சொல்ல முடியாது. உள்ளே பாட்டிலால் குத்தியவனுக்காக மூச்சு விடாமல் வாதாடலாம். வெளியே போய்த் திரும்பி வந்தவனுக்கு என்ன சொல்வது? போன நேரம், வந்த நேரம் எல்லாம் கேமராவில் இருக்கிறது. நீதிபதி கேட்பது ஒரே கேள்வி: “வீட்டுக்குப் போனவர் ஏன் வீட்டில் இருக்கவில்லை?”

அவன் கூட வண்டி ஓட்டி வந்தவன் நிலைமை இன்னும் மோசம். “நான் வண்டிதான் சார் ஓட்டுனேன், கீழகூட இறங்கல.” பொது எண்ணம் என்ற பிரிவுக்கு அவன் இறங்க வேண்டியதே இல்லை. எதற்குப் போகிறோம் என்று தெரிந்து, அதற்கு உடன்பட்டு ஓட்டினான் என்று நிரூபித்தால் போதும், வெட்டியவனுக்கு என்ன தண்டனையோ அதேதான். இப்படி ஒரு பையனுக்காக இப்போது ஆஜராகிறேன். பார் எதிரே உள்ள பெட்ரோல் பங்க் காட்சியில் பின்சீட்டில் இருப்பவன் மடியில் சிமெண்ட் சாக்கு ஒன்று தெரிகிறது. வெட்டியவன் வீட்டு வாசலிலேயே அதைச் சுற்றி எடுத்துவந்தான், உள்ளே என்ன என்று தெரியாது என்கிறான் பையன். சாக்குக்கு வெளியே பிடி நீட்டிக்கொண்டிருந்தது என்கிறது அரசுத் தரப்பு. தெரு விளக்கு வெளிச்சத்தில் எடுத்த காட்சி. பெரிதாக்கினால் புள்ளி புள்ளியாக உடைகிறது. அடுத்த வாய்தாவில் தடயவியல் நிபுணரை நான் குறுக்கு விசாரணை செய்ய வேண்டும், அந்தப் பிடியைப் பற்றி மட்டும்.