அமைதிச் சூரியனில் எக்ஸ்-கதிர் தேடல்: காரைக்குடி நாட்குறிப்பு

அக்டோபர் 14
சந்திரயான்-2இன் எக்ஸ்எஸ்எம் கருவி (சூரிய எக்ஸ்-கதிரை அளப்பது) 2019–20இல், சூரியன் அடங்கிக் கிடந்த காலத்தில் எடுத்த தரவு கைக்கு வந்துவிட்டது. நேரமெல்லாம் யூடிசி, அதாவது உலகப் பொது நேரம். நம் கடிகாரத்தில் 5 மணி 30 நிமிடம் கழிக்காமல் தேடினால், விடிகாலை நிகழ்வுக்கு மறுநாள் கோப்பைத்தான் திறப்போம்.

அக்டோபர் 15
வரைபடத்தில் ஏறக்குறைய 2 மணிக்கொருமுறை ஏற்ற இறக்கம். இது சூரியனுடையதல்ல, விண்கலம் நிலவை ஒரு சுற்றுச் சுற்றும் நேரம். கருவியின் அச்சுக்கும் சூரியனுக்கும் உள்ள கோணம் மாற மாற, கதிர் விழும் பரப்பும் மாறுகிறது. கோணம் 40 டிகிரியைத் தாண்டினால் சூரியன் பார்வையிலேயே இல்லை. அந்த நேரங்களைத் தூக்கி எறிய வேண்டாம். பின்னணியை, அதாவது சூரியன் இல்லாமலே கருவியில் பதிவாகும் எண்ணிக்கையை, அளக்க அவைதான் வேண்டும்.

அக்டோபர் 17
இரவு மழை. மொட்டை மாடியில் இருந்த கைகர் எண்ணி (கதிர்வீச்சை எண்ணும் கருவி) சட்டென ஏறியது. வானில் சூரியனே இல்லாத நேரம்! மழை கழுவி இறக்கிய ரேடான் வழிவந்த ஈயம்-214, பிஸ்மத்-214தான் காரணம். அரை ஆயுள் சுமார் 27, 20 நிமிடம். மழை விட்டதும் இரண்டு மணி நேரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். பகலில் பெய்தாலும் இதே கதைதான். சூரிய எக்ஸ்-கதிரை மேல்வளிமண்டலமே விழுங்கிவிடுவதால், மாடியில் எதை வைத்தாலும் அது சிக்காது.

அக்டோபர் 19
1.3 கேஇவிக்கு (எக்ஸ்-கதிர் ஆற்றலின் அலகு, கிலோ எலக்ட்ரான் வோல்ட்) கீழே கருவியின் ஏற்புத்திறன் உறுதியில்லை, விட்டாயிற்று. 1.86இல் சிலிக்கான் கோடு தெளிவு. 3 கேஇவிக்கு அருகே போனால் பின்னணி மேலோங்குகிறது. கணக்கு எப்படி என்றால்: சூரியன் பார்வையில் இருக்கும்போது 418 எண்ணிக்கை, அதே அளவு நேரத்துக்குப் பின்னணி 400 என்று வைப்போம். மிச்சம் 18. பிழையோ √818, அதாவது 28.6. 18ஐக் 'கண்டுபிடித்தோம்' என்று எழுதக் கூடாது. மேல் வரம்பு, அதாவது 'இருந்தாலும் இதற்கு மேல் இராது' என்ற அளவு, மட்டும் எழுதலாம்.

சிறு வெடிப்புகளையும் முன்னதாகவே நீக்க வேண்டும். எக்ஸ்எஸ்எம் 76 நாளில் ஏ வகுப்புக்கும் (சூரிய வெடிப்பு அளவுகோலின் மிகச் சிறிய வகுப்பு) கீழான 98 வெடிப்புகளைக் கண்டது. அவற்றை விட்டுவைத்துச் சராசரி எடுத்தால், நாம் கணக்கிடும் அமைதிச் சூரியனின் வெப்பநிலை பொய்யாக ஏறும்.

அக்டோபர் 20
பின்னணியைப் பிரிப்பதில், சூரிய எக்ஸ்-கதிரை ஆராய்ந்த நாசாவின் ரெசி விண்கலத்தின் வழி எனக்கு மிகப் பிடித்தது. சூரியனைவிட்டு 0.4 முதல் 1 டிகிரி தள்ளிப் பார்க்கவைத்தார்கள். கலம் சுழல, உணரிகளுக்கு முன்னுள்ள வலைச்சட்டங்கள் சூரியனிலிருந்து வரும் கதிரை மட்டும் ஏற்றி இறக்கும். பின்னணி அப்படியே நிற்கும். அத்தனை செய்தும் 3 முதல் 200 கேஇவி வரை கிடைத்தது மேல் வரம்புதான். நாளை எக்ஸ்எஸ்எம் பின்னணியை நாள்வாரியாகப் பிரித்து, 15ஆம் தேதி ஒதுக்கிய நேரங்களோடு ஒப்பிட வேண்டும்.