மருத்துவ ஊழியப் பயணம்: சுங்கத்தில் சிக்கிய மருந்துகள்

வெளிநாட்டு மருத்துவ ஊழியப் பயணத்தை முடித்துத் திரும்பிவிட்டோம். மனம்தான் இன்னும் முழுமையாக ஆறவில்லை. நோயாளிகளைப் பார்த்தோம், அவர்களோடு ஜெபித்தோம், அங்குள்ள சபையாரோடு ஆராதித்தோம். அதற்காகக் கர்த்தருக்கு நன்றி. ஆனால் பலர் காணிக்கையாகத் திரட்டிக் கொடுத்த மருந்துகள், முகாமின் பாதி நாட்கள் கழிந்த பிறகே எங்கள் கைக்கு வந்தன. அடுத்துப் புறப்படும் குழுவுக்கு அந்த நிலை வரக்கூடாது என்பதால் நடந்ததை எழுதுகிறேன்.

விசா, பயணச்சீட்டு, காப்பீடு எல்லாம் சிக்கலின்றி முடிந்தன. மருத்துவர்களும் செவிலியர்களும் அங்கே பணியாற்றத் தற்காலிக அனுமதி பெறுவதற்கு, பதிவுச் சான்றிதழோடு, ஒழுங்கு நடவடிக்கை எதுவும் நிலுவையில் இல்லை என்று அவரவர் கவுன்சில் அண்மையில் கொடுத்த சான்றும் தேவைப்பட்டது. அதை முன்கூட்டியே வாங்கி வைத்திருந்தோம். சுற்றுலா விசாவில் போய் முகாம் நடத்திவிடலாம் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். பிரச்சினை வந்தால் நாம் ஊர் திரும்பிவிடுவோம். பதில் சொல்ல வேண்டியது நம்மை அழைத்த சபை.

முதல் தடை விமான நிலையத்திலேயே வந்தது. எங்கள் குழுவின் மூத்த செவிலியரிடம் இருந்த மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அட்டை பழையது; அதில் பத்தாண்டுகள் மட்டுமே செல்லும் என்று அச்சாகியிருந்தது. கவுண்டரில் இருந்தவர் அது காலாவதியாகிவிட்டது என்று கூறி, அவரை ஏற்ற மறுத்தார். 2016 ஜூலை 11 முதல் இந்தச் சான்று வாழ்நாள் முழுவதும் செல்லும் என்பதும், அதற்கு முன் வழங்கப்பட்ட அட்டைகளுக்கும் அது பொருந்தும் என்பதும் உலக சுகாதார நிறுவனத்தின் விதி. அந்த விதியின் அச்சுப்பிரதியைச் செவிலியர் தம் அட்டைக்குள்ளேயே மடித்து வைத்திருந்தார். மேலாளர் வந்து அதைப் படித்த பிறகுதான் பயணப்பெட்டிகள் உள்ளே போயின. முதன்முறை ஊசி போடுகிறவர்கள், அது பத்து நாட்கள் கழித்தே செல்லுபடியாகும் என்பதைக் கணக்கில் வைத்துத் தேதியைக் குறியுங்கள். அட்டையில் தடுப்பூசியின் தொகுதி (batch) எண்ணும் கையொப்பமும் மையத்தின் முத்திரையும் இருக்கின்றனவா என்று அங்கேயே நின்று சரிபார்த்து வாங்குங்கள்.

உண்மையான துன்பம் தரையிறங்கிய பிறகுதான். மருந்துகளைக் கொண்டுசெல்ல அழைக்கும் சபையின் கடிதமே போதும் என்று தூதரகத்தில் எங்களுக்கு உறுதியாகச் சொல்லியிருந்தார்கள். இரண்டாவது முறை கேட்டபோதும் அதே பதில்தான். சுங்க அதிகாரியோ கடிதத்தைப் படித்துவிட்டு, மருந்துகளை இறக்குமதி செய்யச் சபைக்கு உரிமம் கிடையாது, உரிமம் பெற்ற மருத்துவமனையின் பெயருக்கே அவை வர வேண்டும், சுகாதார அமைச்சகத்தின் அனுமதியும் உடன் இருக்க வேண்டும் என்றார். தவறான பதிலை அவ்வளவு உறுதியாகச் சொன்ன அந்தத் தூதரக ஊழியர் மேல் எனக்கு இன்னும் வருத்தம் உண்டு. சுங்க அதிகாரி மேல் இல்லை. அவர் தம் வேலையைச் செய்தார்.

எங்களோடு இணைந்து வந்த மற்றொரு குழுவின் பெட்டி நிலைமையை மேலும் மோசமாக்கியது. அதிகாரி அதைத் திறந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து விளக்கின்கீழ் பிடித்தார். கத்தரிக்கோலால் பாதியாக வெட்டப்பட்ட அட்டை அது. காலாவதித் தேதி இருந்த பாதி எங்கேயோ போயிருந்தது. அதனடியில், வீடுகளில் மிஞ்சியவற்றைச் சேகரித்ததாகத் தெரிந்த அரைகுறைப் புட்டிகளும், வலிப்பை அடக்கப் போடும் டயஸிபாம் ஊசிமருந்தும் இருந்தன. டயஸிபாம் 1971ஆம் ஆண்டின் பன்னாட்டு உடன்படிக்கையின்கீழ் கட்டுப்படுத்தப்பட்ட மருந்து. முறையான அனுமதி இல்லாமல் அதை எல்லை தாண்டிக் கொண்டுசெல்வது அன்பின் செயலாக எந்த நாட்டிலும் பார்க்கப்படாது. எல்லாப் பெட்டிகளும் ஒரே கணக்கில் பதிவாகியிருந்ததால், ஒழுங்காகப் பட்டியலிட்ட எங்கள் பெட்டிகளும் சேர்ந்தே நின்றன.

நன்கொடை மருந்துகளுக்கென்று உலக சுகாதார நிறுவனம் வகுத்த நெறிமுறைகளை எந்தக் குழுவும் படிக்காமல் புறப்படக்கூடாது என்பேன். மருந்து போய்ச் சேரும்போது காலாவதிக்கு ஓராண்டாவது மீதமிருக்க வேண்டும். உறையில் மருந்தின் பொதுப்பெயர், அதாவது நிறுவனம் வைத்த வணிகப் பெயரல்லாமல் மருந்துக்கே உரிய பெயர், இருக்க வேண்டும். ஒருமுறை நோயாளிக்குக் கொடுத்துத் திரும்பியவையும் இலவச மாதிரிகளும் கூடாது. நம் வீட்டில் வேண்டாம் என்று ஒதுக்கியதை ஏழைக்குக் கொடுப்பது தர்மமாகாது என்ற எளிய மரியாதைதான் இந்த விதிகளின் உயிர். வலிப்புக்கும் கடும் வலிக்குமான கட்டுப்பாட்டு மருந்துகளைச் சுமந்து செல்லவே வேண்டாம். அவற்றை அங்குள்ள மருத்துவமனையே தன் பொறுப்பில் வைத்திருக்கட்டும்.

பிறகு அலைச்சல். ஓர் அலுவலகத்தில் படிவம் தந்தார்கள். அதில் முத்திரையிட வேண்டியவர் வேறோர் அலுவலகத்தில் இருந்தார். அங்கே போனால் அவர் இருக்கையில் இல்லை. கடைசியில் அருகிலிருந்த மிஷன் மருத்துவமனையின் மருந்தாளுநர் தம் உரிமத்தின் நகலோடு நேரில் வந்து, பெறுநராகக் கையொப்பமிட முன்வந்தார். எங்கள் பட்டியலில் பொதுப்பெயர், அளவு, தொகுதி எண், காலாவதித் தேதி நான்கும் வரிசையாக இருந்ததைப் பார்த்து, அவருக்குச் சரிபார்க்கும் வேலையே இல்லை என்றார். அந்தப் பட்டியலுக்காக இரவு இரவாக உட்கார்ந்த எங்கள் இளைஞர்களின் முகம் அப்போது மலர்ந்ததை நான் மறக்கமாட்டேன். மற்றக் குழுவின் பெட்டி சுங்கத்திலேயே தங்கியது.

மருந்தில்லாத அந்த நாட்களிலும் முகாமை நிறுத்தவில்லை. இரத்த அழுத்தம் பார்த்தோம், புண்களுக்குக் கட்டுப் போட்டோம், வயிற்றுப்போக்கால் துவண்ட குழந்தைகளின் தாய்மாருக்கு உப்பு சர்க்கரைக் கரைசல் செய்யக் கற்றுக்கொடுத்தோம்: சுத்தமான ஒரு லிட்டர் நீருக்குத் தலை தட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. உப்பு கூடினால் குழந்தைக்கு ஆபத்து என்பதால் ஒவ்வொரு தாயையும் எங்கள் முன்னால் ஒருமுறை கலக்க வைத்தோம். ஓர் இளம் தாய் கரண்டியைக் குவித்து எடுத்துவிட்டு, தானே கத்தியின் முதுகால் வழித்துச் சமன் செய்து, நிமிர்ந்து எங்களைப் பார்த்தார். பெட்டிகள் வந்திருந்தால் பொட்டலங்களைக் கையில் கொடுத்து அனுப்பியிருப்போம். இந்தப் பாடத்துக்கு நேரம் ஒதுக்கியிருக்கமாட்டோம்.

ஊழியத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். சிகிச்சைக்கான வரிசையில் யாரிடமும் மதம் கேட்கக்கூடாது, ஜெபம் விரும்புகிறவர்களுக்கு மட்டும், மருந்து வாங்கிய பிறகு, தனி அறையில் என்று உள்ளூர்ப் போதகர் கண்டிப்பாகச் சொன்னார். நோயோடு நிற்கிறவரின் தேவையை நற்செய்திக்குக் கட்டணமாக்கக்கூடாது என்பதில் எனக்கும் முழு உடன்பாடு. யாரும் வற்புறுத்தாமலே அந்த அறை பலமுறை நிறைந்தது.

நல்ல சமாரியன் காயங்களைக் கட்டியதோடு போய்விடவில்லை. சத்திரக்காரனிடம் பணம் கொடுத்து, தொடர்ந்து விசாரிக்கச் சொன்னான். இரத்த அழுத்தத்துக்கு ஒரு மாத மாத்திரை கொடுத்துவிட்டுப் புறப்பட்டால், அடுத்த மாதம் அந்த மனிதர் என்ன செய்வார்? ஆகவே தொடர் சிகிச்சை தேவைப்பட்ட ஒவ்வொருவரின் பெயரையும் மிஷன் மருத்துவமனையின் பதிவேட்டில் எழுத வைத்தோம். மிஞ்சிய மருந்துகளை அதே மருந்தாளுநரிடம் எண்ணி ஒப்படைத்து, அவர் கையொப்பமிட்ட பட்டியலின் நகலைக் கொண்டுவந்திருக்கிறோம். அடுத்த குழு எதைச் சுமக்க வேண்டும், எதைச் சுமக்க வேண்டாம் என்பதை அந்தப் பட்டியலை வைத்தே முடிவு செய்யலாம். அழைப்புக் கடிதத்தை மட்டும் மருத்துவமனையின் பெயரில் இப்போதே கேட்டு வாங்கிவிடுங்கள்.