மேன் சுடோயர்ஸ்

லினக்ஸ் போன்ற கணினிகளில் ரூட் (முழு அதிகாரமுள்ள நிர்வாகி) அனுமதியோடு கட்டளைகளை இயக்க 'சுடோ' என்று தினமும் டைப் அடிக்கிறவர்கள், யார் எதை இயக்கலாம் என்ற அதன் விதிக் கோப்புக்கான கையேட்டை, 'மேன் சுடோயர்ஸ்' என்று அடித்து ஒருமுறை திறந்து பாருங்கள். ஈபிஎன்எஃப் என்ற, கணினி மொழிகளின் இலக்கணத்தை எழுதும் குறியீட்டு முறையில் விதிகளை விளக்கும். அது பழக்கமில்லையென்றால் மனம் தளர வேண்டாம், எளிதுதான் என்று கையேடே ஆறுதலும் சொல்லும்! ஒரு ஆளுக்கு ஒரு கட்டளையை அனுமதிக்க இவ்வளவு தூரம் போகணுமா?

2015-இல் ஓப்பன்பிஎஸ்டி என்ற இயங்குதளத்தின் 5.8 பதிப்புடன், சுடோவுக்கு மாற்றாக டெட் உனாங்ஸ்ட் எழுதிய டூஆஸ் என்ற சின்ன நிரல் வந்தது. அதில் 'பெர்மிட் :வீல்' என்று ஒரு வரி போட்டால் வீல் என்ற நிர்வாகிகள் குழுவுக்கு ரூட் அனுமதி கிடைத்துவிடும். கையேட்டை டீ ஆறுவதற்குள் படித்துவிடலாம்.

சுடோ கையேட்டை எழுதியவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஒரே விதிக் கோப்பைப் பல சர்வர்களுக்குப் பொதுவாக வைக்கலாம், விதிகளை எல்டாப் என்ற மையப் பயனர் அடைவிலிருந்து எடுக்கலாம். நிரலில் இத்தனையும் இருந்தால் கையேடும் சொல்லித்தானே ஆகணும். பெரிய நிறுவனங்களுக்கு அது தேவையும்கூட.

ஆனால் இரண்டு பேர் லாகின் செய்யும் சர்வருக்காக அந்தக் கையேட்டை யார் முழுசாகப் படிக்கிறார்கள்? எங்கோ கண்ட, பாஸ்வேர்ட் கேட்காமல் விடச் சொல்லும் நோபாஸ்வேர்ட் வரியை ஒட்டிவிட்டு, இன்னும் ஏன் பாஸ்வேர்ட் கேட்கிறது என்று முழிக்கிறார்கள். கடைசியாகப் பொருந்தும் விதிதான் செல்லும், அதனால் அந்த வரியை, பாஸ்வேர்ட் கேட்கும் குழு விதிக்குக் கீழே போடணும். டூஆஸிலும் இதே கணக்குதான். அங்கே கையேடு சின்னது என்பதால் கண்ணில் பட்டுவிடுகிறது.