எந்தப் பதிவு என்றாவது சொல்லியிருக்கலாம்

2024 ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தபோது போனை எடுத்துப் பார்த்தால் என் சமூக ஊடகக் கணக்கு திறக்கவில்லை. கடவுச்சொல் கேட்டது, கொடுத்தேன். "உங்கள் கணக்கு முடக்கப்பட்டுள்ளது, அது எங்கள் சமூக நெறிமுறைகளைப் பின்பற்றவில்லை" என்று ஒரு வரி வந்தது. கீழே ஒரு சுட்டி. அதைத் தொட்டால் நெறிமுறைகள் மொத்தமும் விரிகின்றன: வன்முறை, வெறுப்புப் பேச்சு, மோசடி, ஆள்மாறாட்டம், போதைப்பொருள் விற்பனை, குழந்தைகளுக்கு எதிரான குற்றங்கள் என்று பக்கம் பக்கமாக. இதில் நான் செய்தது எது என்று எங்கேயும் இல்லை.

எந்த நிறுவனம் என்று எழுதப் போவதில்லை. முதலில் எனக்குக் கோபம்கூட வரவில்லை. ஏதோ தவறுதலாக நடந்திருக்கிறது, மத்தியானத்துக்குள் சரியாகிவிடும் என்றுதான் நினைத்தேன்.

அந்தக் கணக்கில் என்ன இருந்தது என்று சொன்னால்தான் மற்றது புரியும். 2012-இலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டியை எடுத்துக்கொண்டு புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கத்துக் கண்மாய்களைப் போய்ப் பார்ப்பேன், படம் எடுப்பேன், தெரிந்ததை எழுதிப் போடுவேன். தமிழ்நாட்டில் ஏரி, கண்மாய் எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 39,000 என்று அரசுக் கணக்கு. நான் பார்த்தது 340 சொச்சம்தான். அதிலும் எனக்குப் பித்து குமிழித்தூம்பு. கோடையில் கண்மாய் வற்றியபின், கரையிலிருந்து கொஞ்ச தூரம் உள்ளே இரண்டு கல்தூண்கள் குறுக்குக் கற்களோடு தனியாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள், நிறையப் பேர் அதை இடிந்துபோன மண்டபம் என்று நினைக்கிறார்கள். அது மதகு. தூண்களுக்கு அடியில் தரையோடு தரையாக ஒரு கல்தொட்டி. அதன் மேல்பலகையில் தண்ணீர் இறங்க ஒரு துளை, அது நீரோடி. கீழே பக்கவாட்டில் சின்னத் துளைகள், அவை சேறோடி. நீரோடியை அடைத்திருப்பதைத் தூக்கிவிட்டால், தண்ணீர் இறங்குகிற வேகத்தில் சுற்றிப் படிந்த வண்டலும் இழுபட்டு, கரைக்கு அடியில் போகிற வாய்க்கால் வழியாக வயலுக்குப் போய்ச் சேரும். பல ஊர்களில் இது ஆயிரம் வருடத்துக்கு முந்திய வேலை, சில தூண்களில் யார் செய்து வைத்தது என்று கல்வெட்டும் இருக்கும்.

படங்கள் என்னிடம் இருக்கின்றன. வன்தட்டில் ஆண்டுவாரியாகப் போட்டு வைத்திருக்கிறேன், அதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. போனது அந்தப் படங்களுக்குக் கீழே மற்றவர்கள் எழுதியது. தண்ணீர் திறந்துவிடுகிற ஆளை எங்கள் ஊரில் நீர்க்கட்டி என்போம் என்று ஒருவர் எழுதுவார், உடனே இன்னொருவர் நீர்பாய்ச்சி என்பார், தெற்கேயிருந்து ஒருவர் மடைக்குடும்பன் என்பார், செங்கல்பட்டுப் பக்கத்து ஆள் வந்து கம்புகட்டி என்று சொல்லிவிட்டு, அவர் தாத்தாவுக்கு அறுவடையில் களத்தில் எவ்வளவு நெல் அளந்தார்கள் என்பதையும் எழுதிவிட்டுப் போவார். இதெல்லாம் நான் தேடிப் போனால் கிடைக்காது. ஒரு படத்தைப் பார்த்ததும் அவர்களுக்கே தானாக ஞாபகம் வந்து எழுதியவை.

அதில் ஒரு பெரியவர். பொதுப்பணித் துறையில் லஸ்கராக, அதாவது கரையையும் மதகையும் பார்த்துக்கொள்ளும் ஊழியராக, இருந்து ஓய்வு பெற்றவர், புதுக்கோட்டையிலிருந்து அறந்தாங்கி போகிற வழியில் உள்ளடங்கிய ஊர். அவரால் தட்டச்சு செய்ய முடியாது. அவர் பேசப் பேசப் பேரன் போனில் குரல்வழி எழுத்தாக்கிப் போடுவான். முற்றுப்புள்ளி இருக்காது, காற்புள்ளி இருக்காது, ஒரே வாக்கியமாக முப்பது வரி ஓடும். ஒரு தடவை நான் ஒரு கலுங்கின் (கண்மாய் நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்து போகிற இடம்) படத்தைப் போட்டு, மேலே வரிசையாக நட்டிருக்கும் குத்துக்கற்கள் அழகுக்காக வைத்தவை போல என்று எழுதியிருந்தேன். "தம்பி அழகுக்கு எவன் கல்லு நடுவான்" என்று ஆரம்பித்தார். மழைக்காலம் முடிகிற சமயம், இனி பெரிய வெள்ளம் வராது என்று தெரிந்ததும் அந்தக் கற்களுக்கு இடையில் வைக்கோலும் களிமண்ணும் வைத்து அடைப்பார்களாம், கண்மாயில் இன்னும் ஒரு முழம் தண்ணீர் நிற்கும், அந்த ஒரு முழம்தான் பயிருக்குக் கடைசித் தண்ணிக்கு ஆகும். ஆனால் அந்த ஒரு முழத்தால் மேல்பக்கத்து ஊர்க்காரன் வயல் முங்கும், ராத்திரியில் வந்து அடைப்பைப் பிடுங்கிவிடுவான், அதனால் கலுங்கில் காவல் படுக்க வேண்டும். தான் காவல் படுத்த ஒரு ராத்திரியையே சொல்லியிருந்தார். அவர் 2022-இல் காலமாகிவிட்டார்.

சரி, முறையீட்டுக்கு வருகிறேன். 180 நாளுக்குள் மறுபரிசீலனை கேட்கலாம் என்று ஒரு பொத்தான் இருந்தது. கேட்டேன். முகத்தை இடது பக்கம் திருப்பு, வலது பக்கம் திருப்பு என்று ஒரு வீடியோ எடுக்கச் சொன்னது, எடுத்தேன். அடையாள அட்டை கேட்டது, கொடுத்தேன். நான் சொல்ல விரும்புவதை எழுத ஒரு பெட்டிகூட இல்லை. நாற்பது நிமிடத்தில் பதில் வந்தது: பரிசீலித்துவிட்டோம், முடிவில் மாற்றமில்லை, இதற்கு மேல் முறையிட முடியாது. பன்னிரண்டு வருடத் தமிழை யாரோ நாற்பது நிமிடத்தில் படித்திருப்பார்கள் என்று நான் நம்பவில்லை.

அதன்பிறகு என்னை நானே விசாரிக்க ஆரம்பித்தேன். இதுதான் இந்த விஷயத்திலேயே மோசமான பகுதி, இதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. காரணம் சொல்லாவிட்டால் காரணத்தை நாமே தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. முடக்கப்படுவதற்கு நான்கு நாள் முன்னால் ஒரு தூம்புக் கல்வெட்டைப் போட்டிருந்தேன். தர்மத்தைப் பதிவுசெய்கிற கல்வெட்டுகளின் கடைசியில் ஓம்படைக்கிளவி என்று ஒன்று வரும், இந்தத் தர்மத்துக்குக் கேடு செய்தவன் கங்கைக்கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தில் போவான் என்ற மாதிரி. நான் அதை இன்றைய தமிழில் பிரித்து எழுதியிருந்தேன். கேடு, கொன்ற, பாவம், போவான். ஒரு இயந்திரம் இதை மிரட்டல் என்று எடுத்துக்கொண்டதா? தெரியாது.

இன்னொன்று, சொல்லவே கூச்சமாக இருக்கிறது. அந்தக் கோடையில் ஒரு மீன்பிடித் திருவிழாவைப் படம் எடுத்துப் போட்டிருந்தேன். கண்மாய் வற்றி முழங்கால் தண்ணீர் இருக்கும்போது ஊரே கூடையும் வலையும் கச்சாவுமாக இறங்கும், பொடிப் பையன்கள் வெறும் ஜட்டியோடு சேற்றில் புரள்வார்கள். அந்தப் படமாக இருக்குமோ என்று ஒரு ராத்திரி தோன்றியது, அப்புறம் தூக்கம் போய்விட்டது. அமெரிக்காவில் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஒரு தகப்பன், மருத்துவர் பார்ப்பதற்காக உடம்புக்கு முடியாத தன் குழந்தையைப் படம் எடுத்து, அதனாலேயே கூகுள் கணக்கை இழந்ததை 2022-இல் நியூயார்க் டைம்ஸ் எழுதியது. போலீஸ் விசாரித்துக் குற்றம் எதுவும் இல்லை என்று சொன்ன பிறகும் கணக்கு திரும்ப வரவில்லை. அதைப் படித்தபோது யாருக்கோ நடந்தது என்று தாண்டிப் போனவன் நான்.

வீட்டில், அலுவலகத்தில் எல்லாம் ஒரே கேள்வி. "அப்படி என்னதான் போட்டே?" அக்கா கேட்டாள், வங்கியில் என் பக்கத்து இருக்கைக்காரர் கேட்டார். யாரும் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. ஆனால் ஒன்றும் போடவில்லை என்று சொன்னால் அவர்கள் முகத்தில் ஒரு சின்ன இடைவெளி விழும் பாருங்கள், ஒன்றும் போடாமலா எடுப்பார்கள் என்று. அதற்கு என்னிடம் பதில் இல்லை. நான் செய்தது இது, இதில் தப்பில்லை என்று வாதாடலாம், அல்லது தப்புதான் என்று ஒப்புக்கொள்ளலாம், இரண்டுக்குமே முதலில் 'இது' எது என்று தெரிய வேண்டுமே.

உத்திரமேரூர்க் கல்வெட்டு எல்லோருக்கும் தெரியும், குடவோலைக்காக. 919, 921 ஆண்டுகளில் பராந்தக சோழன் காலத்தில் வெட்டியது. ஏரியைப் பார்த்துக்கொள்ளவே அதில் ஒரு தனி வாரியம் உண்டு. குடம், ஓலை இவற்றைவிட அதில் எனக்குப் பிடித்தது, யாரை விலக்க வேண்டும் என்று எழுதியிருக்கும் பகுதி. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவன், அவனுடைய உறவுக்காரர்களில் இன்னின்னார் என்று ஒவ்வொன்றாக அடுக்கி, ஊர் மொத்தமும் பார்க்கிற சுவரில் வெட்டி வைத்திருக்கிறார்கள். விலக்கப்பட்டவன் போய்ப் படித்துப் பார்த்தால் தன்மேல் எந்த வரி விழுகிறது என்று தெரிந்துவிடும்.

சட்டத்திலும் இது இல்லாமல் இல்லை. இந்தியாவில் 2021-இன் தகவல் தொழில்நுட்ப விதிகளில் 4(8) என்று ஒன்று இருக்கிறது. 50 லட்சத்துக்கு மேல் பயனர்கள் உள்ள தளங்கள் தாங்களாகவே ஒரு பதிவை நீக்கினால், நீக்குவதற்கு முன்பே என்ன செய்கிறோம், எதற்காகச் செய்கிறோம் என்று அதைப் போட்டவருக்குத் தெரிவிக்க வேண்டும், அவர் மறுத்துப் பேச வாய்ப்பும் தர வேண்டும். அப்படிப்பட்ட ஒவ்வொரு தளத்துக்கும் இங்கேயே ஒரு குறைதீர் அலுவலர் இருக்க வேண்டும். நான் முறையிட்ட சமயத்து விதிப்படி, புகார் கிடைத்ததை 24 மணி நேரத்தில் ஒப்புக்கொண்டு 15 நாளில் தீர்க்க வேண்டும். அவர் சொல்வதில் திருப்தி இல்லை என்றால் 30 நாளுக்குள் மேல்முறையீட்டுக் குழுவுக்குப் போகலாம், 2023-இலிருந்து அதற்கென்று குழுக்கள் இயங்குகின்றன, எல்லாம் இணையவழிதான். நான் குறைதீர் அலுவலருக்கு எழுதினேன், பதின்மூன்றாம் நாள் பதில் வந்தது, அதே பழைய வரி. மேல்முறையீட்டுக் குழு என்று ஒன்று இருப்பதே எனக்கு நவம்பரில்தான் தெரிந்தது, அதற்குள் 30 நாள் தாண்டிவிட்டது. உங்களுக்கு இப்படி நடந்தால் அந்தத் தேதியை விட்டுவிடாதீர்கள். ஐரோப்பாவில் 2024 பிப்ரவரியிலிருந்து இன்னும் தெளிவாக வைத்திருக்கிறார்கள். கணக்கை முடக்கினால் எந்த உண்மையின் பேரில், எந்த விதிப்படி என்று சொல்ல வேண்டும், முடிவெடுக்க இயந்திரத்தைப் பயன்படுத்தியிருந்தால் அதையும் சொல்ல வேண்டும். எனக்கு அந்தக் கடைசித் தகவல் மட்டும் கிடைத்திருந்தால்கூடப் பாதி நாள் தூங்கியிருப்பேன்.

2019-இல் உச்ச நீதிமன்ற மூத்த வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேயின் ட்விட்டர் கணக்கை முடக்கினார்கள். 1936-இல் ஹாம்பர்க் கப்பல்கட்டும் தளத்தில் கூட்டமே நாஜி வணக்கம் வைக்கும்போது ஒரே ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிற படத்தை அவர் முகப்பில் வைத்திருந்தார். அவர் டெல்லி உயர் நீதிமன்றம் போனார். அவருக்கு நடந்தது அநியாயம் என்றுதான் நினைக்கிறேன், ஆனால் எந்தப் படம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது, அதைக் கையில் எடுத்துக்கொண்டு நீதிமன்றத்தில் நிற்க முடிந்தது. நான் எதை எடுத்துக்கொண்டு போவேன்.

என் தவறு ஒன்று உண்டு, அதையும் எழுதிவிடுகிறேன். 2021-இல் ஒரு தடவை என் தகவல்களை மொத்தமாகப் பதிவிறக்கிப் பார்த்தேன். நான் எழுதியது எல்லாம் வந்தது, மற்றவர்கள் எழுதிய ஒரு வரிகூட அதில் வரவில்லை. அப்போதே உட்கார்ந்து ஒவ்வொன்றாக நோட்டில் எழுதியிருக்க வேண்டும், அந்தப் பெரியவர் அப்போது உயிரோடு இருந்தார். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். அந்தப் படங்களைப் போட்ட பக்கத்துக்கும் நான் ஒருவனே நிர்வாகி, இன்னொருவரைச் சேர்த்திருந்தால் அதுவாவது நின்றிருக்கும்.

போன மாசி மாதம் அந்தப் பெரியவர் வீட்டுக்குப் போனேன். பேரன் இப்போது திருப்பூரில் வேலை செய்கிறான், பொங்கலுக்கு வந்தவன் உடம்பு சரியில்லாமல் தங்கியிருந்தான். அவன் போனிலும் ஒன்றும் இல்லை, என் பதிவுகள் போனதோடு தாத்தா சொல்லி அவன் போட்டதெல்லாம் போய்விட்டது. அவனுக்கும் அது அதுவரை தெரியாது. கொஞ்ச நேரம் போனையே தேய்த்துக்கொண்டிருந்தான். பிறகு கண்மாய்க்கரைக்கு நடந்து போனோம், பெரியவர் தன் ஊர்க் கண்மாயின் ஐந்து மடைகளுக்கும் வரிசையாகப் பெயரும், எந்த மடை எந்த வயலுக்குப் பாயும் என்பதும் சொல்லியிருந்தார், அதையாவது பிடிக்கலாம் என்று. கரைமேல் நடக்க நடக்கப் பையனுக்கு ஞாபகம் வந்தது. பெரிய மடை. நடுமடை. பள்ள மடை. நான்காவதுக்குக் கொஞ்சம் நின்றான், பிறகு ஐயனார் மடை என்றான், பக்கத்தில் குதிரைச் சிலைகள் இருந்ததால் ஊகித்துச் சொன்னானோ என்று எனக்குச் சந்தேகம், நோட்டில் ஒரு கேள்விக்குறி போட்டு எழுதிக்கொண்டேன். ஐந்தாவது மடை தெற்குக் கோடியில் கருவேல மரங்களுக்குள் இருக்கிறது, கல் சரிந்துவிட்டது, தண்ணீர் போய்ப் பல வருடம் ஆகிறது. அதன் பெயர் அவனுக்கும் வரவில்லை, கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அம்மாவுக்கும் தெரியவில்லை.

2019 அல்லது 2020-இல் அந்தக் கலுங்குப் படத்தை யாராவது பார்த்திருந்தால், கீழே ஒரு பெரியவர் புள்ளியே இல்லாமல் எழுதியதைப் படித்திருந்தால், அல்லது படம்பிடித்து வைத்திருந்தால், தயவுசெய்து எனக்கு அனுப்புங்கள். முழுசாக வேண்டாம். அந்த ஐந்தாவது பெயர் இருக்கிற வரி போதும்.